இறுதிக் காசும் புதைத்த காலமும்: தமிழக உரோமக் காசுப்புதையல்களின் காலக்கணிப்பு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் கிடைத்த உரோமக் காசுப்புதையல்கள், பண்டைய கடல்வணிகத்தின் காலத்தை வரையறுக்கும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றன. புதையலிலுள்ள இறுதிக் காசின் காலத்தையே அது புதைக்கப்பட்ட காலமாகவும், காசுகள் இங்கு வந்து சேர்ந்த காலமாகவும் கொள்ளும் வழக்கம் நெடுநாள் நிலவியது. காசு அடிக்கப்பட்ட காலம், கடல் கடந்த காலம், புதைக்கப்பட்ட காலம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதையும், இறுதிக் காசு இவற்றுள் புதைத்த காலத்தின் தொடக்க எல்லையை மட்டுமே காட்டும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. பாம்பெய், ஹாக்ஸன் ஆகிய மேலைப் புதையல்கள் ஒப்பீட்டுக்கும், கொங்குநாட்டு வெள்ளிக்காசுகளும் புதுக்கோட்டைப் பொற்காசுகளும் ஆய்வுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: காசுப்புதையல், இறுதிக் காசு, தேய்மானம், உளிவெட்டு, நீரோவின் நாணயச் சீர்திருத்தம், யவன வணிகம், கொங்குநாடு, புதுக்கோட்டை.

முன்னுரை

யவனரின் மரக்கலங்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்றதனை அகநானூற்றின் 149ஆம் பாடல் முசிறியோடு தொடர்புபடுத்திக் கூறுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிகாட்டி நூலான பெரிப்ளூஸ், முசிறி, நெல்கிண்டா ஆகிய துறைகளுக்கு ஏற்றிச் செல்லப்பட்டவற்றுள் பெருந்தொகையான காசினை முதலில் வைத்துக் குறிப்பிடுகிறது. இலக்கியமும் பயணநூலும் கூறுவதை மண்ணிலிருந்து வெளிப்பட்ட காசுகள் உறுதிப்படுத்துகின்றன. எனவே அக்காசுகளின் காலமே வணிகத்தின் காலம் என்ற முடிவு இயல்பானதாகத் தோன்றியது.

1904இல் இராபர்ட் சிவெல் இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளைத் தொகுத்து, அவற்றைப் பேரரசர் வரிசையில் பகுத்தார். அகஸ்டஸ் முதல் நீரோ வரையிலான காசுகள் மிகுந்தும் அதன்பின் குறைந்தும் காணப்பட்டதால், நீரோவுக்குப்பின் வணிகம் தளர்ந்தது என்று அவர் கருதினார். பின்வந்தோர் பலரும் அப்பகுப்பையே அடிப்படையாகக் கொண்டனர். சங்க இலக்கியத்தின் காலத்தைக் கணித்தோர் சிலரும் யவனர் பற்றிய குறிப்புகளுக்கு இக்காசுகளையே காலச்சான்றாகக் காட்டினர். ஆகவே, புதையலின் காலக்கணிப்பில் நேரும் பிழை நாணயவியலோடு நின்றுவிடுவதில்லை. இலக்கிய வரலாறு, அரசியல் வரலாறு ஆகியவற்றின் கால அடுக்கையும் அது பாதிக்கிறது. இதனால் அக்கணிப்பு முறையின் வலிமையையும் எல்லையையும் மறுபரிசீலனை செய்வது தேவையாகிறது.

1. மூன்று காலங்கள்

உரோமப் பேரரசுக் காசுகள் பலவற்றின் காலத்தை அவற்றின் எழுத்துப்பொறிப்பைக் கொண்டே அறியலாம். பேரரசர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்ட மக்கள் காப்பாளர் அதிகாரம் எத்தனையாவது ஆண்டு, அவர் எத்தனை முறை கான்சல் பதவி ஏற்றார், வெற்றித்தலைவராக எத்தனை முறை வாழ்த்தப்பெற்றார் என்பன காசில் சுருக்கக் குறியீடுகளாக இடம்பெறும். இவை மூன்றும் ஒருங்கே அமையுமாயின் சில காசுகளைச் சில மாதங்களுக்குள் வரையறுக்கவும் இயலும்.

எல்லாக் காசுகளும் இவ்வாறு அமைவதில்லை. தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் இருவகை வெள்ளிக்காசுகள் இதற்குச் சான்றாகும். ஒன்று, அகஸ்டஸ் தம் பெயரர்களான கேயஸ், லூசியஸ் ஆகியோரைக் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கக் காட்டி வெளியிட்ட வகை. இது கி.மு. 2இல் தொடங்கிப் பல ஆண்டுகள் அடிக்கப்பட்டது. மற்றொன்று, டைபீரியஸின் தலைமைக் குருத்துவப் பட்டத்தைக் குறிக்கும், அமர்ந்த பெண்ணுருவம் கொண்ட வகை. கி.பி. 14 முதல் 37 வரை நீடித்த அவரது ஆட்சியின் பெரும்பகுதியில் இவ்வகை ஆண்டுக்குறிப்பின்றியே வெளிவந்தது. இரண்டும் இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரிலிருந்த அக்கசாலையோடு தொடர்புடையவை. எனவே இவ்வகைக் காசுகளில், அடித்த காலமே பல ஆண்டு அகலம் உடையதாகிறது.

அடித்த காலத்தை அடுத்து வருவது காசு கைமாறிய காலம். வெள்ளியும் பொன்னும் தம் உலோக மதிப்பால் ஏற்கப்படுவதால், அடித்த அரசர் மறைந்த பின்னும் காசு வழக்கொழிவதில்லை. மார்க் ஆன்டனி கி.மு. 32-31இல் தம் படைகளுக்காக அடித்த, மாற்றுக் குறைந்த வெள்ளிக்காசுகள் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பேரரசுக்குள் வழங்கின. மாற்றுக் குறைந்தமையால் அவற்றை உருக்குவதில் எவருக்கும் ஊதியமில்லை என்பதே அவற்றின் நீண்ட வாழ்வுக்குக் காரணமாயிற்று.

மூன்றாவதாக வருவது புதைத்த காலம். ஒரு புதையலில் வெஸ்பாசியன் காசு ஒன்று இருக்குமாயின், அப்புதையல் கி.பி. 69க்கு முன் மூடப்பட்டிருக்க முடியாது. எவ்வளவு காலத்துக்குப்பின் மூடப்பட்டது என்பதை அக்காசு மட்டுமே கூறாது. இறுதிக் காசு தரும் இவ்வெல்லையை இக்கட்டுரை ‘முன்னெல்லை’ என்று குறிக்கிறது. அதற்கு இணையான ‘பின்னெல்லை’யை வேறு சான்றுகளிலிருந்தே பெறவேண்டும்.

2. காலம் அறியப்பட்ட புதையல்: பாம்பெய்

இம்முறையைச் சோதித்துப் பார்க்க, மூடப்பட்ட காலம் வேறுவழியில் அறியப்பட்ட காசுத்தொகுதி ஒன்று தேவை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையால் மூடுண்ட பாம்பெய் நகரம் அத்தகைய வாய்ப்பைத் தருகிறது. அந்நகரில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸுக்கு முற்பட்ட குடியரசுக் காலக் காசுகள் கணிசமான அளவில் உள்ளன. நூறாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடைய காசு, அவ்வாண்டில் அன்றாட வழக்கில் இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது.

பாம்பெய் மற்றோர் எச்சரிக்கையையும் தருகிறது. ‘பொற்காப்பு இல்லம்’ என வழங்கும் வீட்டில் 1974இல் 40 பொற்காசுகளும் 180 வெள்ளிக்காசுகளும் கிடைத்தன. அவற்றுள் டைட்டஸின் வெள்ளிக்காசு ஒன்றில், அவர் 15ஆம் முறையாக வெற்றித்தலைவராக வாழ்த்தப்பெற்றதாக எழுத்துகள் படிக்கப்பட்டன. கி.பி. 79 செப்டம்பர் தொடக்கத்தில் அவர் 14ஆம் வாழ்த்தையே பெற்றிருந்தார் என்பது பிற ஆவணங்களால் தெரிவதால், எரிமலை வெடிப்பு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்திருக்க முடியாது என்ற வாதம் அக்காசின் மேல் எழுப்பப்பட்டது. 2013இல் ரிச்சர்ட் ஆப்டி அக்காசை மீளாய்வு செய்து, அதிலுள்ள எண் 14 என்று காட்டினார். வெடிப்பு இலையுதிர் காலத்தில் நிகழ்ந்தது என்ற கருத்துக்கு வேறு சான்றுகள் உள. எனினும் இக்காசு அதற்குச் சான்றாகாது. தேய்ந்த காசொன்றின் ஓர் எழுத்து, ஒரு நகரத்தின் அழிவுநாளையே மாற்றவல்லதாக இருந்தமை எண்ணத்தக்கது.

3. வரத்து நின்ற நிலம்: ஹாக்ஸன்

புதிய காசுகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் நிலத்தில் இறுதிக் காசுக்கும் புதைத்த நாளுக்கும் உள்ள இடைவெளி சிறியதாகவே இருக்கும். வரத்து நின்றுவிட்ட நிலத்தில் நிலைமை வேறு. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள ஹாக்ஸனில் 1992இல் கிடைத்த புதையல் இதனை விளக்கும். அதில் 569 பொற்காசுகள், 14,272 வெள்ளிக்காசுகள், 24 செப்புக்காசுகள் என மொத்தம் 14,865 காசுகள் இருந்தன. இறுதிக் காசுகள் மூன்றாம் கான்ஸ்டன்டைன் காலத்தவை, கி.பி. 407-408இல் அடிக்கப்பட்டவை.

அக்காலத்தை ஒட்டியே பிரிட்டனுக்கு உரோமக் காசு வருவது நின்றுபோனது. அதன்பின் பத்தாண்டு கழித்துப் புதைத்தவரிடமும், முப்பதாண்டு கழித்துப் புதைத்தவரிடமும் அதே பழைய காசுகளே இருந்திருக்கும். இறுதிக் காசை மட்டும் நோக்கின் அவ்விருவர் புதையல்களையும் வேறுபடுத்த இயலாது. ஹாக்ஸன் வெள்ளிக்காசுகளில் மிகப்பெரும்பாலானவை விளிம்பு நறுக்கப்பட்டவை. வெள்ளியைத் திரட்டுவதற்காக விளிம்பை நறுக்கியோர் பேரரசரின் தலையுருவை மட்டும் சிதைக்காமல் விட்டுள்ளனர். இப்பழக்கம் காசுகள் பலமுறை கைமாறியதைக் காட்டுவதால், 408க்குப் பின்னும் அவை நெடிது வழங்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இங்கிருந்து பெறப்படும் நெறி தமிழகத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. உரோமக் காசு இங்கு உள்ளூர் அக்கசாலையில் அடிக்கப்பட்டதன்று, கடல்வழி வந்தது. ஒருவகைக் காசின் வரத்து நின்றபின்னும் அக்காசு நாட்டுக்குள் இருந்தே தீரும்.

4. கொங்குநாட்டு வெள்ளிக்காசுகள்

மேலைக் கடற்கரையையும் கீழைக் கடற்கரையையும் இணைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியை ஒட்டிய கொங்குநாட்டில் வெள்ளிக்காசுப் புதையல்கள் செறிந்துள்ளன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 522 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பகுதியிலுள்ள பூதிநத்தத்தில் 1891இல் ஏறத்தாழ 1,400 காசுகள் வெளிப்பட்டன. 1913இல் கத்தாங்கண்ணியில் 233 காசுகள் கிடைத்தன. இவற்றில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் முற்கூறிய இருவகைக் காசுகளே மேலோங்கி நிற்கின்றன.

இப்புதையல்கள் டைபீரியஸ் காலத்திலேயே வந்து, அக்காலத்தை ஒட்டியே புதைக்கப்பட்டன என்பது பழைய கருத்து. இக்கருத்துக்கு இருவகைத் தடைகள் உள்ளன.

முதல் தடை, புதையல்களின் உள்ளமைப்பு. டைபீரியஸ் காலத்தில் பேரரசுக்குள் வழங்கிய வெள்ளிக்காசுகளில் குடியரசுக் காலத்தவை பெரும்பங்கு வகித்தன. கி.பி. 79இலும் அவை மிகுந்திருந்தமையைப் பாம்பெய் காட்டுகிறது. கொங்குநாட்டுப் புதையல்களிலோ அவை ஏறக்குறைய இல்லை. புழக்கத்தில் இருந்த காசுகளை வந்தவாறே திரட்டி அனுப்பியிருப்பின் இத்தகைய அமைப்பு தோன்றாது. ஆகவே இவை தெரிந்தெடுத்து அனுப்பப்பட்டவை. அல்லது அக்கசாலையிலிருந்து மொத்தமாகப் பெறப்பட்டவை. பின்னது உண்மையாயின் காசுகள் தேய்மானம் இன்றி, ஒரே அச்சில் அடிக்கப்பட்டவை பலவாக இருத்தல் வேண்டும். முன்னது உண்மையாயின் தேய்மானம் பல படிகளில் அமைதல் வேண்டும். இவ்விரு கருதுகோள்களுள் எது பொருந்தும் என்பதைத் தேய்மானமும் அச்சு ஒப்பீடுமே தீர்மானிக்கும்.

இரண்டாவது தடை, நீரோவின் நாணயச் சீர்திருத்தம். கி.பி. 64ஐ ஒட்டி நீரோ வெள்ளிக்காசின் எடையை உரோம இராத்தலுக்கு 84 என்ற அளவிலிருந்து 96 என்ற அளவுக்குக் குறைத்தார். வெள்ளியின் மாற்றும் 97-98 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டளவுக்குத் தாழ்ந்தது. எடையும் மாற்றும் பார்த்துக் காசை ஏற்கும் அயல்நாட்டு வணிகருக்குப் புதிய காசு உவப்பானதாக இருந்திராது. கிளாடியஸ் காலத்தில் இலங்கை அரசர், வெவ்வேறு உருவங்கள் பொறித்த உரோம வெள்ளிக்காசுகள் யாவும் ஒரே எடையுடையனவாக இருப்பதைக் கண்டு வியந்ததாகப் பிளினி கூறும் செய்தி, இந்நாட்டார் காசின் எடையில் கருத்துடையராக இருந்தனர் என உரோமர் எண்ணியதைக் காட்டுகிறது. எனவே 64க்குப்பின் வந்த வணிகர், பழைய காசுகளைத் தேடித் தெரிந்து கொண்டுவந்திருக்கக் கூடும் என்ற கருத்தை டேவிட் மக்டவல் முன்வைத்தார். இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகள் பற்றி 1989இல் வெளிவந்த பாலா டர்னரின் நூலும், அடித்த காலத்தையும் வந்த காலத்தையும் ஒன்றாகக் கொள்வதை மறுக்கிறது.

இவ்வாறு பழைய காசுகளைப் பேரரசுக்குள் திரட்டுவது எக்காலம் வரை இயன்றது? தேய்ந்த பழங்காசுகளை எல்லாம் உருக்கும்படி டிராஜன் ஆணையிட்டதாகக் காசியஸ் டியோ எழுதுகிறார். அச்செயல் கி.பி. 107ஐ ஒட்டியதென்பர். அதன்பின் நல்ல மாற்றுடைய முற்கால வெள்ளிக்காசுகளை அங்குத் திரட்டுவது மேலும் அரிதாயிற்று. எனவே டைபீரியஸ் காசொன்று தமிழகத்துக்கு வந்திருக்கக்கூடிய காலம் கி.பி. 14 முதல் ஏறத்தாழ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை விரிகிறது. இது வந்த காலத்துக்கான எல்லையேயன்றிப் புதைத்த காலத்துக்கானதன்று.

திருச்சூர்ப் பகுதியிலுள்ள எய்யால் புதையல் இவ்விடத்தில் துணைபுரிகிறது. அதில் உரோமப் பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும் உள்நாட்டு முத்திரைக் காசுகளும் ஒன்றாகக் கிடைத்தன. உரோமக் காசுகளின் வரிசை டிராஜன் வரை வருகிறது. முற்கால வெள்ளிக்காசுகள் இரண்டாம் நூற்றாண்டுக் கைப்பொருளாகவும் இருந்தன என்பதற்கு இது சான்று. அதிலிருந்த டிராஜன் காலத்தவை மட்டும் பிரிந்து போயிருப்பின், எஞ்சியவை முதல் நூற்றாண்டுப் புதையலாகவே கணிக்கப்பட்டிருக்கும்.

இவ்வாறு பிரிந்து போவது வெறும் கற்பனையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதையல்கள் பெரும்பாலும் உழவின்போதோ மண் வெட்டும்போதோ எதிர்பாராமல் வெளிப்பட்டவை. கண்டெடுத்தோர் பகிர்ந்துகொண்டவை, பொற்கொல்லரின் உலையில் உருகியவை போக எஞ்சியவையே பதிவு பெற்றன. 1847இல் மலபாரின் கோட்டயத்தில் கிடைத்த பொற்காசுகள் முறையாக எண்ணப்படுமுன்னரே பலர் கைக்குச் சிதறின. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்துக்குப் பின்னும் முழுத்தொகுதியும் கைக்கு வந்தது என்பதற்கு உறுதியில்லை. ஒரு தொகுதியில் இறுதிக் காசுகள் எண்ணிக்கையில் மிகச் சிலவாகவே அமைவது இயல்பு. ஆதலால் சிதறிய புதையலில் முதலில் இழக்கப்படுவது காலச்சான்றே.

5. புதுக்கோட்டைப் பொற்காசுகள்

1898இல் அன்றைய புதுக்கோட்டைச் சமத்தானத்தில் கறுக்காக்குறிச்சியை ஒட்டி 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. ஜார்ஜ் எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து அதே ஆண்டு வெளியிட்டார். தொகுதி அகஸ்டஸ் காலக் காசுகளில் தொடங்கி வெஸ்பாசியன் காலக் காசுகளோடு முடிகிறது. இதனால் புதையலின் முன்னெல்லை வெஸ்பாசியன் ஆட்சிக்காலமாகிய கி.பி. 69-79 எனலாம்.

காசுகளின் மேற்பரப்பு வேறு செய்தியைக் கூறுகிறது. அவை நன்கு தேய்ந்தவை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையுருவின் மேல் உளியால் வெட்டப்பட்டுள்ளது. பொற்காசு உயர்மதிப்பு உடையது. சிறுவணிகத்தில் நாள்தோறும் கைமாறுவதன்று. ஆகவே அது தேய்வதற்கு நெடுங்காலம் வேண்டும். அத்தேய்மானத்தின் ஒரு பகுதி பேரரசுக்குள் நேர்ந்ததா, இங்கு நேர்ந்ததா என்பதைக் காசை மட்டும் கொண்டு பிரித்தறிதல் அரிது. உளிவெட்டோ உரோம அரசின் செயலாக இருக்க இயலாது. பேரரசுக்குள் அவ்வாறான வழக்கமில்லை. அது இந்நிலத்தில் நிகழ்ந்தது. தெலங்கானாவின் அக்கன்பள்ளிப் புதையலிலுள்ள வெள்ளிக்காசுகளிலும் வெட்டுக்குறிகள் உள்ளன.

வெட்டின் நோக்கம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. தேய்ந்த காசுகளைக் காசு வழக்கிலிருந்து விலக்குவதற்காக வெட்டினர் என்பது ஒரு விளக்கம். உள்ளே வேறு உலோகம் உண்டா எனச் சோதிக்க வெட்டினர் என்பது மற்றொன்று. அயல் அரசனின் உருவத்தைச் செல்லாததாக்கி, காசை வெறும் பொன்னாகக் கொண்டனர் என்பது இன்னொன்று. சோதனைக்கு விளிம்பில் ஒரு சிறு வெட்டே போதும். தலையுருவின் மேலேயே வெட்டு அமைந்திருப்பது முதல் அல்லது மூன்றாம் விளக்கத்துக்கே இடந்தருகிறது.

எவ்விளக்கத்தைக் கொண்டாலும் காலவரிசை ஒன்றே. காசுகள் அடிக்கப்பட்டன, வழங்கித் தேய்ந்தன, கடல் கடந்தன, இங்கு ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு வெட்டப்பட்டன, பின் புதைக்கப்பட்டன. கி.பி. 79ஐ ஒட்டியே இவையனைத்தும் முடிந்துவிட்டன என்று கொள்வதற்குச் சான்றில்லை. புதுக்கோட்டைப் புதையலை ‘வெஸ்பாசியன் காலப் புதையல்’ என்பதனினும் ‘வெஸ்பாசியன் காலத்துக்கு முற்படாத புதையல்’ என்பதே பொருந்தும்.

6. காசின் இன்மையும் வணிகத்தின் இன்மையும்

நீரோவுக்குப்பின் வெள்ளிக்காசுகள் குறைவது வணிகத் தளர்ச்சியைக் காட்டுகிறது என்ற கருத்தை மேற்கூறியவற்றின் ஒளியில் மறுபடி நோக்கவேண்டும். கேரளத்தின் வள்ளுவள்ளியில் 1983இல் கிடைத்த 252 பொற்காசுகள் நீரோ முதல் அன்டோனினஸ் பயஸ் வரையிலான காலத்தவை. வெள்ளி வரத்துக் குறைந்த பின்னும் பொன் வந்துகொண்டிருந்தது என்பதை இது காட்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சார்ந்ததும் வியன்னாவில் காக்கப்படுவதுமான முசிறிப் பாப்பிரஸ், ஹெர்மாபொல்லோன் என்ற ஒரே கலத்தின் சரக்கை ஏறத்தாழ 70 இலட்சம் எகிப்தியத் திராக்மா என மதிப்பிடுகிறது. வணிகம் அழிந்துவிட்டதாகக் கூறப்படும் நூற்றாண்டின் ஆவணம் அது.

ஆகவே காசுகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவது வணிகத்தின் அளவை மட்டுமே காட்டுவதில்லை. எவ்வகைக் காசை ஏற்பது என்ற இங்குள்ளோரின் தெரிவு, பேரரசின் நாணயக் கொள்கை, புதைத்தவர் மீட்டெடுக்க முடியாமற்போன சூழல் ஆகியவையும் அதில் கலந்துள்ளன. மீட்கப்பட்ட புதையல் வரலாற்றில் தடம் விடுவதில்லை. நமக்குக் கிடைத்தவை யாவும் உரியவர் திரும்பி வந்து எடுக்காதவை. எனவே புதையல்களின் செறிவு, செல்வத்தின் செறிவையன்றி இழப்பின் செறிவையும் குறிக்கக்கூடும்.

இதில் மற்றொரு முறையியல் இடரும் உண்டு. இலக்கியத்தின் காலத்தைக் காசுகளால் கணித்து, அவ்வாறு கணித்த இலக்கியத்தைக் கொண்டே காசுகள் வந்த காலத்தை உறுதிசெய்வது சுழல்வாதமாகும். யவனர் பொன்னொடு வந்ததைக் கூறும் பாடலை டைபீரியஸ் காலத்தோடு பிணைப்பதற்கு வெள்ளிக்காசுப் புதையல்கள் ஆதாரமாகா. இரண்டாம் நூற்றாண்டின் பொற்காசுகளும் அப்பாடலுக்குச் சம அளவில் பொருந்துவனவே.

முடிவுரை

இறுதிக் காசு, புதையலின் முன்னெல்லையைத் தவறாது தரும் சான்று. அதன் பயன் அவ்வளவே. பின்னெல்லையை வரையறுக்கத் தேய்மானம், எடை, மாற்று, வெட்டுக்குறி, உடன்கிடைத்த முத்திரைக் காசுகள், புதையல் இருந்த கலத்தின் மட்பாண்ட வகை, கண்டெடுக்கப்பட்ட இடத்தின் மண்ணடுக்கு ஆகியவற்றை இணைத்து நோக்கவேண்டும். தமிழகப் புதையல்கள் பலவற்றில் கலமும் மண்ணடுக்கும் பதிவின்றிப் போயின. அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள காசுகளிலோ தேய்மானமும் எடையும் வெட்டும் இன்றும் அளக்கத்தக்கனவாக உள்ளன. அரசர் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் தரும் பழைய பட்டியல்களுக்கு மாறாக, ஒவ்வொரு காசுக்கும் இவ்வளவைகளைத் தரும் பட்டியல்கள் வெளிவருதல் வேண்டும்.

அதுவரை, புதையல் ஒன்றைக் குறிப்பிடுகையில் அடித்த காலத்தையும் வந்த காலத்தையும் புதைத்த காலத்தையும் தனித்தனியே சுட்டுவது காலப்பிழையைத் தவிர்க்கும். கொங்குநாட்டு வெள்ளிக்காசுகளுள் பல டைபீரியஸ் ஆட்சியில் அடிக்கப்பட்டவை என்பது உறுதி. அவை அவ்வாட்சியிலேயே நொய்யற்கரையை அடைந்தன என்பது இன்னும் மெய்ப்பிக்கப்பட வேண்டிய கருதுகோளே.